நம் வீட்டுப் பூனைக்கு நோய் வந்தால் தெரிந்துகொள்வது எப்படி?



ஆடு, மாடு, கோழிக்கு வரும் நோய் பற்றி எழுதினால் உடனே படிப்பீர்கள். அதில் காசு இருக்கிறது, குழுக் கடன் இருக்கிறது. பூனை பற்றி எழுதுகிறேன் என்றதும் "இதுக்கெல்லாமா ஒரு பாடம்?" என்று சிரிப்பீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குன்னம், வேப்பந்தட்டை பக்கம் மக்காச்சோளத்தை மூட்டை கட்டி வீட்டுக்குள்ளேயே அடுக்குகிறோம். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை, கடலை எல்லாம் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது. அந்த மூட்டையை எலி ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்வது யார்? சம்பளம் கேட்காத பூனைதான். ராத்திரி எலி பிடித்துவிட்டு, விடியற்காலையில் பிள்ளைகளின் போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்வதும் அதே பூனைதான்.

அதனால் பூனையின் நோய் பூனையோடு நிற்கிற விஷயம் இல்லை. சில நோய் பிள்ளைக்கும் ஒட்டும். ஒரு நோய் ஆளையே கொல்லும். அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பூனை நோயை மறைக்கும்

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அசை போடாது, பால் குறையும். ஆடு மந்தையில் பின்தங்கும். பூனை அப்படிக் காட்டிக்கொள்ளாது. அது வேட்டையாடும் பிராணிதான், ஆனால் சின்ன உடம்பு. நோஞ்சானாகத் தெரிந்தால் நாய் அடித்துவிடும். அதனால் முடிந்தவரை சாதாரணமாக இருப்பதுபோல் நடந்துகொள்ளும். முடியாமல் போகும்போது பரண் மேலோ, மூட்டைக்குப் பின்னாலோ, விறகு அடுக்கின் இடுக்கிலோ போய் ஒதுங்கிவிடும். "பூனை வீட்டை விட்டுப் போயிடுச்சு" என்று நாம் சொல்வதில் பாதி இப்படி ஒதுங்கியதாகத்தான் இருக்கும்.

ஆகையால் பூனை அழுது சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். தினமும் செய்கிற வேலையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சோறு வைக்கும் தட்டைத் தட்டினால் ஓடி வரும் பூனை இன்று வரவில்லையா? நாள் முழுக்க உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பூனையின் முடி சிலிர்த்து, சிக்குப் பிடித்து, பொலிவு இல்லாமல் இருக்கிறதா? நக்குவதை விட்டுவிட்ட பூனை நல்ல பூனை இல்லை. எப்போதும் ஏறுகிற மதில் மேல் ஏறத் தயங்குகிறதா? மடியில் வந்து உட்காரும் பூனை தொட்டால் சீறுகிறதா? இவையெல்லாம் அடையாளம்.

தின்னாமல் இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "வெளியில எலி தின்னுட்டு வந்திருக்கும்" என்று ஒரு நாள் விடலாம். இரண்டு நாள் ஆகியும் மீனைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாய் சில நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும்.

வீட்டில் நாமே செய்யக்கூடிய மூன்று சோதனை உண்டு. இரத்தசோகை முகாமில் செவிலியர் நம் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாரே, அதுபோலப் பூனையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சளாக இருந்தால் காமாலை. நீலமாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. (சில பூனைக்கு ஈறில் பிறவியிலேயே கறுப்புப் புள்ளி இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.) அடுத்து, பிடரித் தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே பழையபடி படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. மூன்றாவது, தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20 முதல் 30 வரை இருக்கலாம். 40-க்கு மேல் போனாலோ, நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஆபத்து.

குட்டிகளை வாரிக்கொண்டு போகும் நோய்

நம் ஊர்களில் ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். "கண்ணு பட்டுடுச்சு", "தாய்ப்பூனை பால் சரியில்லை" என்போம். பெரும்பாலும் அது பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் கழிச்சல். திடீரென்று காய்ச்சல், நுரை நுரையாகவோ மஞ்சளாகவோ வாந்தி, பிறகு கழிச்சல், சில சமயம் இரத்தத்தோடு. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. தாகம் இருக்கிறது, குடிக்கத் தெம்பு இல்லை. இந்த அடையாளத்தை மறக்காதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றி, வேறு கிருமி சேராமல் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இந்த நோய் மனிதருக்கு வராது. ஆனால் அந்தக் கிருமி தரையிலும் சாக்கிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். குட்டி செத்த சாக்கிலேயே அடுத்த ஈற்றுக் குட்டியைப் படுக்க வைத்தால் அதற்கும் வரும். சாக்கை எரித்துவிடுங்கள். தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கருப்பு பினாயில் ஊற்றாதீர்கள். அது இந்தக் கிருமியைச் சரியாகக் கொல்லாது, பூனைக்கு மட்டும் விஷம். காலில் ஒட்டியதை நக்கினாலே கெடுதல். இதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு, குட்டி பிறந்து ஏழு எட்டு வாரத்தில் போடத் தொடங்கலாம். பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று பூனைச்சளி. தும்மல், மூக்கு ஒழுகல், கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும், நாக்கில் புண் வரும். மூக்கு அடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் தின்னாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டு, கருவாடோ மீனோ லேசாகச் சூடு காட்டி வைத்தால் வாசனைக்காகத் தின்னும். கண்ணில் தாய்ப்பால் விடுவது, வீட்டில் மிச்சம் கிடக்கும் சொட்டு மருந்தை விடுவது இரண்டும் வேண்டாம். பீளை கட்டியே இருந்தால் குட்டியின் கண் போய்விடும்.

ஆண் பூனையும் மூத்திர அடைப்பும்

இதைத் தனியாகச் சொல்கிறேன். ஏனென்றால் நாம் எல்லோரும் இதைத் தவறாகத்தான் புரிந்துகொள்கிறோம். ஆண் பூனை மணலிலோ அடுப்புச் சாம்பலிலோ போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும், ஒன்றும் வராது. பின்பக்கத்தை விடாமல் நக்கும். "மலம் இறங்கல" என்று விளக்கெண்ணெய் ஊற்றுவோம். உண்மையில் மூத்திரக் குழாய் கல்லோ சளி போன்ற கசடோ அடைத்திருக்கும். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகலானது. அடைத்தால் மூத்திரம் தேங்கி, விஷம் இரத்தத்தில் ஏறி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அடிவயிற்றை மெதுவாகத் தொட்டால் எலுமிச்சம்பழம் போல உருண்டையாகக் கெட்டியாக இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோனால் குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற நோய் இது இல்லை.

புழு, தெள்ளு, சொறி

வயிறு மட்டும் பானை போல் பெருத்து, முதுகெலும்பு தெரியும் குட்டிக்கு வயிற்றில் உருண்டைப் புழு. வாந்தியில் சேமியா மாதிரி வரும். பின்பக்க முடியில் அரிசி அல்லது காய்ந்த எள்ளு மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதாலும் எலி தின்பதாலும் வருகிறது. புழு மருந்தை எடை பார்த்து மருத்துவர் தருவார். ஆட்டுக்கு வாங்கியதில் கொஞ்சம் ஊற்றுவது கணக்கில்லாத வேலை.

காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பு அழுக்கு இருந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுப் பேன். குச்சி விட்டுக் குடையாதீர்கள். காது ஓரத்திலும் முகத்திலும் தடித்த பொருக்குக் கட்டினால் சொறி. வட்ட வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரை. சொறியும் படர்தாமரையும் பிள்ளைகளுக்கும் ஒட்டும். பிள்ளைக்கு மருந்து போட்டுவிட்டுப் பூனையை விட்டுவிட்டால் மறுபடியும் வரும், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்.

கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் பூனையை விரட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பூனை மலத்தில் வரும் ஒரு கிருமி கருவைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மை. அந்த மலத்தை வீட்டில் வேறொருவர் தினமும் அள்ளிப் புதைக்கட்டும், ஏனென்றால் அந்தக் கிருமி ஒட்டும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணி தோட்டத்து மண்ணில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவட்டும், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் விஷம்

பூனைக்கு நாம் அன்பாகக் கொடுப்பதே அதைக் கொல்லும் என்றால் நம்புவீர்களா? உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துப் பாலில் கலந்து கொடுக்கிறோம். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் சக்தி கிடையாது. ஒரே ஒரு மாத்திரை போதும். சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். பிள்ளைக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தும் அதே மருந்துதான். மனிதருக்கான எந்த வலி மாத்திரையும் பூனைக்கு வேண்டாம்.

அடுத்தது மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்து. தெள்ளு போகட்டும் என்று அதையே பூனை மேல் தடவுவார்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்துகள் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் கொண்டுவரும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்திலும் இந்த வகை இருக்கிறது. ஏற்கனவே தடவிவிட்டிருந்தால் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டில் சுற்றி உடனே கொண்டுபோங்கள்.

எலி மருந்து பற்றிச் சொல்லவே வேண்டாம். பூனை நேராக மருந்தைத் தின்றாலும் கெடுதல், மருந்து தின்ற எலியைத் தின்றாலும் கெடுதல். எலி மருந்தில் பல வகை உண்டு. ஒரு வகை இரத்தத்தை உறையவிடாது. மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கில், மலத்தில் இரத்தம் வரும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, பிழைக்க வைக்கலாம். அதனால்தான் எலி மருந்தின் அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறோம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம். பூனை வளர்க்கும் வீட்டில் எலிப்பொறி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. எலி பேஸ்ட் பிள்ளைகள் கைக்குக் கிடைத்தாலும் உயிருக்கு ஆபத்துதான்.

இன்னொன்று கேட்டால் பெரம்பலூர்க்காரர்களுக்குக் கோபம் வரும். சின்ன வெங்காயம்! வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை உடைத்துவிடும். ஒரு நாள் மீன் குழம்புச் சோறு தின்றதற்காகச் சாகாது. தினமும் குழம்பு ஊற்றிப் பிசைந்தே வைத்தால் சோகை பிடிக்கும். மீனை வேகவைத்துக் குழம்பு ஊற்றாமல் வெறும் சோற்றோடு கொடுங்கள். பாலும் நிறையப் பூனைகளுக்குச் சேராது. பெரிய பூனைக்குப் பால் வைத்தால் கழிகிறது என்றால் பாலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வையுங்கள்.

பூனை கடித்தால், பிறாண்டினால்

வெறிநோய் என்றதும் நமக்கு நாய்தான் நினைவுக்கு வரும். தெருநாய் கடித்தால் ஓடுகிறோம். "வளர்த்த பூனை, சும்மா நகம் பட்டுது" என்று மஞ்சளோ சுண்ணாம்போ தடவிவிட்டு வயலுக்குப் போய்விடுகிறோம். வெறிநாய் பூனையைக் கடித்தால் பூனைக்கும் அதே நோய்தான் வரும். நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 18,000 முதல் 20,000 பேர் வெறிநோயில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் நிறையப் பேர் பிள்ளைகள். பெரும்பாலும் நாய்க்கடிதான் காரணம், பூனைக்கடி குறைவு. ஆனால் நோய் வெளியே தெரிந்துவிட்டால் நாய்க்கடி என்றாலும் பூனைக்கடி என்றாலும் பிழைக்க வைக்க மருந்தில்லை.

வெறி பிடித்த பூனை எப்படி இருக்கும்? சாதுவான பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கும். அல்லது யாரிடமும் வராத பூனை மேலே வந்து விழும். இருட்டில் ஒளியும். குரல் கரகரவென்று மாறும். பின்னங்கால் தள்ளாடும். தாடை தொங்கி எச்சில் வடியும். இந்த இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. எச்சில் வடிந்தால் "மீன் முள்ளு மாட்டிக்கிச்சு" என்று வாய்க்குள் விரலை விடுவோம். முள்ளாகவும் இருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விரலை விடாதீர்கள். கூடையைக் கவிழ்த்து அடைத்துவிட்டு, மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கடித்தாலோ, பிறாண்டினாலோ, புண் மேல் நக்கினாலோ முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். குழாயடி போதும், துணி துவைக்கும் சோப்பும் போதும். இதுவே பாதி வைத்தியம். மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். கட்டுப் போட வேண்டாம். மந்திரிக்கப் போய் நாளைக் கழிக்க வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். ஊசி இலவசம்.

"தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்களே" என்று இன்றைக்கும் பயப்படுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அது பழைய கதை. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில் அந்தக் காலத்து மருந்தை ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தார்கள், அதை வயிற்றில் போட்டார்கள். அந்த மருந்து தயாரிப்பதை 2004 டிசம்பரோடு நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என நான்கு தடவை, புஜத்தில்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில் சின்னதாகப் போடுவார்கள். கர்ப்பிணியும் போட்டுக்கொள்ளலாம், பால் கொடுக்கும் தாயும் போட்டுக்கொள்ளலாம். இதில் பயந்து விட்டுவிடுவதுதான் ஆபத்து. இரத்தம் வரும்படி கடித்திருந்தால், பிறாண்டியிருந்தால் ஊசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும். அது உங்கள் நிலையத்தில் இல்லை என்றால் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 2022 ஜனவரியில் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கடித்த பூனையை அடித்துக் கொல்லாதீர்கள். பத்து நாள் அடைத்து வைத்துச் சோறு போட்டுக் கவனியுங்கள். பத்து நாள் கழிந்தும் நன்றாக இருந்தால் கடித்த சமயத்தில் அதற்கு நோய் இல்லை. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பூனையைக் கவனிக்க வேண்டும்.

எங்கே காட்டுவது?

முதலில் உங்கள் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம். ஆடு மாட்டுக்கு மட்டும் இல்லை, பூனையையும் பார்ப்பார்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஜெயங்கொண்டம் பக்கத்தவர்கள் தஞ்சாவூர் வழியாகப் போகலாம். பூனையைப் பழைய துண்டில் சுற்றி, மூடி உள்ள கூடையில் வைத்துத் தூக்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் ஹாரன் சத்தத்துக்குப் பிறாண்டிவிட்டு ஓடிவிடும். என்றையிலிருந்து தின்னவில்லை, கடைசியாக எப்போது மூத்திரம் போனது, வாந்தியில் என்ன வந்தது, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்ததைச் சொன்னால் திட்டுவார்கள் என்று மறைத்தால் பூனைதான் சாகும்.

மூன்று மாதம் ஆன குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடலாம், பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருடா வருடம். ஒவ்வொரு வருடமும் ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த நாட்களையொட்டிக் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். நம் ஊருக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதியும் ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் எத்தனை பூனை, எத்தனை நாய், ஊசி போட்டதா இல்லையா என்று கேட்டு எழுதுங்கள். முகாம் வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பட்டியலோடு ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குக் கொடுங்கள். எல்லாக் குழுவின் பட்டியலும் சேர்ந்தால் கால்நடை உதவி மருத்துவரிடம் மனு கொடுக்க வசதியாக இருக்கும்.